ஹாட் ராட்: ‘வெந்தண்டு’ அல்ல, முறுக்கேற்றிய கார்

‘ஹாட் ராட்’ என்னும் பழைய அமெரிக்கப் பந்தயக் கார் ஒன்றின் படத்தைப் போட்டு, அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, கீழே ‘வீட்டில் தயாரிக்கப்பட்ட தொன்மையான சூடான கம்பி’ என்று எழுதுகிறார்கள். இயந்திரம் அப்படி மொழிபெயர்த்தால் விட்டுவிடலாம். ஆள் உட்கார்ந்து சரிபார்த்த பக்கத்திலும் அதே கம்பி இருக்கிறது. இதற்கு மாற்றாகத் தூய தமிழ் என்று சிலர் நீட்டும் ‘வெந்தண்டுச் சீருந்து’ (சூடான தண்டுக் கார்) இன்னும் மோசம். ஆராய்ந்து செய்த சொல் போலத் தோன்றுவதால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

சாதாரணக் காரை, பெரும்பாலும் பழைய ஃபோர்டை, வாங்கி மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினின் திறனைக் கூட்டி, வேகத்துக்காகவே மாற்றிக் கட்டிய வண்டிதான் ஹாட் ராட். பிறந்த இடம் தெற்குக் கலிபோர்னியா. மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களிலேயே இளைஞர்கள் இவற்றை ஓட்டினார்கள். முன்பு ‘கவ் ஜாப்’ என்றும் சொன்னார்கள். ‘ஹாட் ராட்’ 1940களில் பரவியது. 1948 ஜனவரியில் அதே பெயரில் பத்திரிகையும் வந்தது. ‘ஹாட் ரோட்ஸ்டர்’ என்பதன் சுருக்கம் என்பது ஒரு கருத்து. ரோட்ஸ்டர் என்றால் கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார். ‘ராட்’ என்பது எஞ்சினுக்குள் இருக்கும் தண்டு என்பது இன்னொரு கருத்து. எதற்கும் உறுதியான சான்று இல்லை.

வெந்தண்டுக்காரர்கள் இந்த இரண்டாவது ஊகத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டார்கள். சரி, அதுவே உண்மை என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உள்ள கார் எஞ்சின் எல்லாவற்றிலும் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு, அதாவது கனெக்டிங் ராடு, உண்டு. அப்புறம் இந்தப் பெயர் எந்த வண்டியை எதிலிருந்து பிரித்துக் காட்டும்? ‘வெம்மை’ அதைவிடப் பெரிய பிழை. 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த, எட்டு சிலிண்டர் கொண்ட பிளாட்ஹெட் வி8 எஞ்சினில் புகை வெளியேறும் வழிகள் சிலிண்டர் பிளாக்குக்கு உள்ளேயே ஓடுகின்றன. அதனால் அது சீக்கிரம் சூடாகிவிடும். அதை வைத்து வண்டி கட்டியவர்கள் சூட்டைத் தணிக்கத்தான் பாடுபட்டார்கள். ‘வெந்தண்டு’ என்று படிப்பவர் அதை அந்த எஞ்சினின் கோளாறுக்குப் பெயர் என்றுதான் நினைப்பார். அமெரிக்கப் பேச்சில் இந்த ‘ஹாட்’ வேகத்தையும் வீரியத்தையும் குறிக்கிறது, வெப்பநிலையை அல்ல.

நமக்கு ‘முறுக்கேற்றுதல்’ இருக்கிறது. கயிற்றை முறுக்கேற்றுகிறோம், ஆளையும் முறுக்கேற்றுகிறோம். எஞ்சினின் சுழற்றும் திறனான டார்க்குக்கு முறுக்குவிசை என்ற சொல்லும் வழங்குகிறது. ‘முறுக்கேற்றிய கார்’ என்றால் கேட்டவுடன் புரியும், விளக்கக் குறிப்பு வேண்டாம். பெயராகவே வேண்டும் என்றால் ‘ஹாட் ராட்’ என்று தமிழெழுத்தில் எழுதிவிடலாம். கார் என்ற சொல்லைச் சீருந்து ஆக்கிவிட்டால் தமிழ் வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. பொருள் சிதைந்தபின் தூய்மையால் என்ன பயன்?

‘வீட்டில் தயாரித்த’ என்பதும் ஊறுகாய்ப் புட்டிக்குத்தான் பொருந்தும். பட்டறையில் பாடி ‘கட்டுவது’ என்கிறோம். இங்கும் அதே வினைதான்: ‘சொந்தமாகக் கட்டிய’. ஃபிரேம், எஞ்சின், பாடி எல்லாம் வெவ்வேறு காரிலிருந்து வந்திருக்கும். அவற்றை ஒன்று சேர்த்ததுதான் கட்டியவரின் வேலை. படத்தில் இருப்பது என்ன வண்டி என்று கண்டுபிடிக்க முயல்பவருக்கு இது முக்கியம். 1929 ஃபோர்டு மாடல் ஏ காரின் பாடி 1932 ஃபோர்டு ஃபிரேமின் மேல் உட்கார்ந்திருக்கலாம். 1932 ஃபிரேமின் பக்கவாட்டில் அழுத்திய ஒரு வளைகோடு ஓடும். மட்கார்டைக் கழற்றினால் நன்றாகத் தெரியும். பிளாட்ஹெட் வி8 எஞ்சினில் சிலிண்டர்களை மூடும் ஒவ்வொரு ஹெட்டையும் 21 ஸ்டட் (திருகுமுளை) பிடித்திருந்தால் பழைய வகை. 24 இருந்தால் 1938க்கு முந்தியது அல்ல. தண்ணீர் பம்ப் ஹெட்டிலேயே இருந்தால் 1936 வரையிலான அமைப்பு. எஞ்சினின் ஆண்டு வண்டி கட்டிய ஆண்டு ஆகாது என்பதையும் மறக்கக்கூடாது.

‘தொன்மையான’ என்ற சொல்லைச் சங்க இலக்கியத்துக்கும் கல்வெட்டுக்கும் விட்டுவிடுவோம். எண்பது, தொண்ணூறு வருடக் காருக்குப் ‘பழைய’ போதும். ஆண்டு தெரிந்தால் ஆண்டையே எழுதலாம். ‘1932 ஃபிரேம், 1929 பாடி, பிளாட்ஹெட் வி8, சொந்தமாகக் கட்டிய, முறுக்கேற்றிய பந்தயக் கார்’ என்று படத்தின் கீழே எழுத மொழிபெயர்ப்பாளருக்கு அகராதி தேவையில்லை. படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாலே எழுதிவிடலாம்.