ஐஸுக்கு அடியில் பாஸ் மீன்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் எதற்கு அனுமதி, எதற்குத் தடை

குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள், தூண்டில் வாங்கும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மீன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குச் சொந்தமானது அல்ல. வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கில் பிறந்த இனம் இது. மனிதர்கள் கொண்டுவந்து விட்டதாலும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஆறுகள் வழியாக மேலேறி வந்ததாலும் மாகாணத்தின் தெற்கு ஏரிகளில் குடியேறிவிட்டது. அரசு இதைப் பாதுகாக்க வேண்டிய செல்வமாகப் பார்ப்பதில்லை, பரவவிடக் கூடாத மீனாகத்தான் பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் விதிகள் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

மேற்குக் கனடா என்றால் நான்கு மாகாணங்கள் உண்டே, ஏன் பிரிட்டிஷ் கொலம்பியா மட்டும் என்று கேட்கலாம். அல்பர்ட்டாவில் ஐஸ் மீன்பிடிக்கப் போகிறவர்கள் தேடுவது பைக், பெர்ச், வால்ஐ போன்ற வேறு மீன்களைத்தான். சஸ்காட்செவனில் பாஸுக்குப் பெயர்போன இடம் எஸ்டெவன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பவுண்டரி டேம் நீர்த்தேக்கம். ஆனால் அனல் மின்நிலையத்தின் வெந்நீர் அதில் கலப்பதால் அங்கே ஐஸை நம்பிக் கால் வைக்க முடியாது. பாஸும் ஐஸும் ஒன்றாகக் கிடைப்பது பெரும்பாலும் தெற்கு ஓகனாகனிலும் கூட்னி பகுதியிலும்தான்: ஒசோயுஸ் ஏரி, அதற்குச் சற்று வடக்கே ஆழம் குறைந்த வசோ ஏரி, கிரஸ்டனுக்குப் பக்கத்தில் டக் ஏரி. இவற்றில் ஒசோயுஸ் வெதுவெதுப்பான ஏரி, எல்லா வருடமும் ஒழுங்காக உறையாது.

உரிமம்: யார் உள்ளூர்வாசி?

நன்னீரில் தூண்டில் போட மாகாண உரிமம் வேண்டும். கடலுக்கான உரிமம் வேறு, அதை இங்கே காட்ட முடியாது. முதலில் இணையத்தில் எஃப்.டபிள்யூ.ஐ.டி. என்ற மீன், வனவிலங்கு அடையாள எண் எடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அந்த எண்ணை வைத்துத்தான் உரிமம் வாங்க முடியும். ஒரு நாள், எட்டு நாள், ஓர் ஆண்டு என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஆண்டு உரிமத்தின் விலை பல வருடங்களாக உள்ளூர்வாசிக்கு 36 டாலர், மற்ற மாகாணக் கனடியருக்கு 55, வெளிநாட்டவருக்கு 80 என்று இருந்து வருகிறது, ஜிஎஸ்டி தனி. 65 வயது தாண்டிய உள்ளூர்வாசிக்கு வெறும் 5 டாலர்.

குழப்பம் வருவது 'உள்ளூர்வாசி' யார் என்பதில்தான். குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை இருந்தால், முக்கியமான வீடு இந்த மாகாணத்தில் இருக்க வேண்டும், கடந்த 12 மாதங்களில் 6 மாதங்களின் பெரும்பகுதியை இங்கே கழித்திருக்க வேண்டும். படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் என்றால் கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு மாதத்தின் பெரும்பகுதியும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். செப்டம்பரில் படிக்க வந்த மாணவர் ஜனவரியில் ஏரிக்குப் போனால் அவர் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார். மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பாவுக்கும் அதே கணக்கு, அவருக்கு ஒருநாள் உரிமம் போதும். கடையில் கேட்கும்போது வாய்க்கு வந்தபடி 'ரெசிடென்ட்' என்று சொல்லி மலிவு உரிமம் எடுத்தால் அது பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகும். சில பத்து டாலருக்காக அந்த வம்பு வேண்டாம்.

16 வயதுக்குக் கீழான உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உரிமமே தேவையில்லை, அவர்களுக்குத் தனி எண்ணிக்கை வரம்பு உண்டு. வெளியூரிலிருந்து வந்த பிள்ளை என்றால் உரிமம் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும், பிள்ளை பிடிக்கும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும். மாகாணத்தில் வாழும், பதிவு பெற்ற முதற்குடி மக்களுக்கும் இந்த உரிமம் தேவையில்லை.

விதிப்புத்தகத்தை எப்படிப் படிப்பது

மாகாணம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நன்னீர் மீன்பிடி விதித்தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம். அதை முன்னிருந்து பின்னாகப் படிக்கத் தேவையில்லை, மூன்று அடுக்காகப் படிக்க வேண்டும். முதலில் மாகாணம் முழுவதற்குமான பொது விதிகள். அப்புறம் உங்கள் ஏரி இருக்கும் மண்டலத்தின் விதிகள். கூட்னி 4-ஆம் மண்டலம், ஓகனாகன் 8-ஆம் மண்டலம். கடைசியாக அந்த மண்டலத்தின் பட்டியலில் ஏரியின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் அங்கே எழுதியிருப்பதுதான் கடைசிச் சொல். பொது விதி என்ன சொன்னாலும் அதை இது மாற்றிவிடும். 'ஐஸ் மீன்பிடி கூடாது' என்ற குறிப்பும், குறிப்பிட்ட மாதங்களுக்கான மூடலும் வருவது இந்தப் பட்டியலில்தான். ஏரி உறைந்திருக்கிறது, மற்றவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. டக் ஏரி ஒரு வனவிலங்கு மேலாண்மைப் பகுதிக்குள் இருக்கிறது, வசோ ஏரியில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களுக்குப் போகும் முன் அந்த இடத்தின் தனி விதிகளையும் பார்த்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை பாஸ் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணை நான் இங்கே எழுதாமல் விடுவது வேண்டுமென்றேதான். அது மண்டலத்துக்கு மண்டலம் வேறு, பதிப்புக்குப் பதிப்பு மாறும், நடுவிலேயே இணையத்தில் திருத்தம் வரும். ஒரு கட்டுரையில் படித்த எண்ணை நம்பி ஏரியில் நிற்பவருக்கு அதிகாரி முன்னால் அது உதவாது. கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஒசோயுஸ் ஏரிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதன் தெற்குப் பகுதி அமெரிக்காவில் இருக்கிறது. கனடிய உரிமம் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடும், ஐஸின் மேல் கோடு தெரியாது என்பது சாக்கு ஆகாது.

இரை: அதிகம் தவறு நடக்கும் இடம்

அல்பர்ட்டாவிலும் சஸ்காட்செவனிலும் செத்த சின்ன மீனைத் தூண்டில் முள்ளில் குத்தி இறக்குவது சாதாரணம். கடையிலேயே உறையவைத்த பாக்கெட் கிடைக்கும். அந்தப் பழக்கத்தோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வருகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். இந்த மாகாணத்தில் மீனை, உயிரோடோ செத்ததோ துண்டு போட்டதோ, இரையாகப் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. மீன் முட்டைக்கு விலக்கு உண்டு. வேறு ஒன்றிரண்டு விதிவிலக்குகள் குறிப்பிட்ட சில மீன்களுக்கும் இடங்களுக்கும் உரியவை, பாஸ் பிடிக்க வருபவருக்கு அவை பொருந்தாது. வாளியில் உயிருள்ள சின்ன மீன்களோடு ஏரிக்கு வருவது அதைவிடப் பெரிய குற்றம். மிஞ்சியதை ஓட்டையில் கொட்டிவிட்டுப் போனால் ஒரு ஏரியின் கதையே மாறிவிடும்.

அப்படியானால் எதைப் போடுவது? தனித் தடை இல்லாத ஏரிகளில் மண்புழு போடலாம், செயற்கை இரைகள் எல்லாம் போடலாம். ஐஸுக்கு அடியில் பாஸுக்கு அதுவே போதும். மிகக் குளிர்ந்த நீரில் இந்த மீனின் உடல் வேகம் குறைந்துவிடுகிறது. நீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருப்பதால் அந்த நீர் அடியில் தங்குகிறது, மீனும் அங்கேயே, இன்னும் பச்சை போகாத நீர்ச்செடிகளை ஒட்டி நிற்கிறது. கோடையில் வாய் திறந்து பாய்ந்து கவ்வும் அதே மீன், ஜனவரியில் இரையை உறிஞ்சி வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். கையில் இழுப்பு தெரியாது. குட்டைத் தடியின் நுனி சற்றே கனத்த மாதிரி இருக்கும், அல்லது தொய்வாக இருந்த நூல் ஓரத்தில் நகரும். சின்ன ஜிக்கில் (தலையில் கனம் வைத்த முள்) புழுத் துண்டைக் குத்தி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிறுத்தி, ரொம்ப ஆட்டாமல் காத்திருப்பதே இதற்கு ஏற்ற முறை. ஐஸ் புதிதாகக் கட்டிய முதல் சில வாரங்கள் நல்ல காலம். ஆழமில்லாத ஏரிகளில் குளிர்காலக் கடைசியில் செடிகள் அழுகி ஆக்ஸிஜன் குறைவதால் மீன் இன்னும் சோர்ந்துவிடும்.

ஒரு ஆள், ஒரு நூல்

அல்பர்ட்டா, சஸ்காட்செவன், மனிடோபா ஆகிய மற்ற மூன்று மேற்கு மாகாணங்களிலும் ஐஸ் மேல் இரண்டு தூண்டில் நூல் போடலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒருவருக்கு ஒரே நூல், அதில் ஒரே தூண்டில் முள் அல்லது ஒரே செயற்கை இரை. ஏரியில் படகில் தனியாக இருப்பவருக்கு மட்டும் இரண்டு நூல் சலுகை உண்டு, ஐஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடையாது. கொடி தூக்கும் டிப்-அப் கருவியைப் பயன்படுத்தினால் அதுதான் உங்கள் ஒரே நூல், அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போட்டுவிட்டு வண்டியில் போய்ச் சூடேற்றிக்கொண்டிருந்தால் அது ஆளில்லாத நூல் ஆகிவிடும். தெற்கு மண்டலங்களில் அது தடை. இருட்டிய பின் விளக்கு காட்டி மீனை வரவைப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. நீருக்குள், நூலில் முள்ளிலிருந்து ஒரு மீட்டருக்குள் கட்டிய விளக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

பிடித்த பிறகு

வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத மீன் வந்தால் அதே ஓட்டையில், உடனே விட வேண்டும். ஐஸ் மேல் போட்டுப் படம் எடுக்கும் அந்த அரை நிமிடத்தில், கடும் குளிரில், மீனின் கண்ணும் செவுளும் உறைந்து புண்ணாகிவிடும். விடுவதாக இருந்தால் நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். வைத்துக்கொள்ளும் மீனை ஏரிக்கரையிலேயே துண்டு போடாதீர்கள். எந்த இனம், எத்தனை என்று அதிகாரி பார்த்தவுடன் தெரியும் நிலையில் வீடு போய்ச் சேர வேண்டும். லார்ஜ்மவுத் பாஸின் மேல்தாடை கண்ணின் பின் ஓரத்தையும் தாண்டிப் போகும், பக்கவாட்டில் நீளமாக ஒரு கரும்பட்டை ஓடும். இன்னொரு பாஸ் இனமான ஸ்மால்மவுத்துக்குத் தாடை கண்ணோடு நின்றுவிடும், கோடுகள் மேலும் கீழுமாக இருக்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது, கெட்டுப்போக விடவும் கூடாது.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது: பாஸை உயிரோடு எங்கும் கொண்டுபோகாதீர்கள். வீட்டுப் பக்கத்துக் குளத்தில் விட்டால் பிள்ளைகள் பிடித்து விளையாடுவார்களே என்று நல்லெண்ணத்தில்கூட வேண்டாம். ஒசோயுஸ் ஏரி ஓகனாகன் சாக்கை சால்மன் குஞ்சுகள் வளரும் தொட்டில். ஓகனாகன் முதற்குடி மக்கள் பல்லாண்டு உழைத்து அந்த சால்மனைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் குஞ்சுகள் பாஸுக்கு இரை. வான்கூவருக்குக் கிழக்கே உள்ள கல்டஸ் ஏரியில் 2018-இல் ஸ்மால்மவுத் பாஸ் இருப்பது தெரியவந்தது. அங்கே அழிவின் விளிம்பில் இருக்கும் சாக்கையும், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குட்டி ஸ்கல்பின் மீனும் இருக்கின்றன. யாரோ ஒருவர் ஒரு வாளி மீனைக் கொட்டியதற்கு அவை விலை கொடுக்கின்றன. தாம்சன் பகுதியின் சில சின்ன ஏரிகளில், யாரோ விட்ட அந்நிய மீனை ஒழிக்க ரோட்டினோன் மருந்தைக் கலந்து ஏரியில் இருந்த எல்லா மீனையும் கொன்றுவிட்டுத் திரும்ப வளர்க்க வேண்டியிருந்தது. பெரிய ஏரியில் அதுவும் முடியாது. இந்தக் குற்றத்துக்குப் பெரும் அபராதமும் சிறையும் உண்டு. பாஸ் இருந்ததாகக் கேள்விப்படாத ஏரியில் உங்களுக்கு ஒன்று கிடைத்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, 1-877-952-7277 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். திருட்டு மீன்பிடி பற்றிய புகாருக்கும் அதே எண்.

ஐஸும் ஓட்டையும்

எந்த ஏரியின் ஐஸும் பாதுகாப்பானது என்று அரசு சான்று தருவதில்லை. தனியாக நடக்க 15 செ.மீ., கூட்டமாக நிற்க 20, ஸ்னோமொபைலுக்கு 25 என்பது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் கணக்கு. தெற்கு ஓகனாகன் போன்ற மிதமான இடத்தில் ஒரு வெயில் வாரம் போதும், அந்தக் கணக்கு மாறிவிடும். போகப் போகத் துளைத்து அளந்துகொண்டே நடக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்று. பொதுமக்கள் நடமாடும் ஐஸில் ஓட்டை போட்டவர், யாரும் அதில் விழாதபடி தடுப்பு வைக்கவும், ஓட்டை இருப்பது தெரியும்படி எச்சரிக்கவும் கடமைப்பட்டவர். இது மீன்பிடி விதி அல்ல, கனடாவின் குற்றவியல் சட்டம், 263-ஆம் பிரிவு. யாராவது விழுந்து இறந்தால் அது மனிதக்கொலை வழக்காகவே போகலாம். வசோ ஏரியில் சறுக்கி விளையாட வருகிறவர்களும் உண்டு. கிளம்பும்போது ஓட்டையைச் சுற்றிப் பனியைக் குவித்து, கண்ணில் படும் குச்சியோ மரக்கிளையோ நட்டுவிட்டுப் போங்கள்.

உரிமத்தின் ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரியில் ஆண்டு உரிமம் வாங்கினாலும் மார்ச் கடைசியோடு சரி. குளிர்காலத்துக்கு மட்டும் ஓரிரு முறை போகிறவருக்கு ஒருநாள் உரிமம்தான் லாபம். கோடையிலும் போவதாக இருந்தால் ஏப்ரலிலேயே ஆண்டு உரிமத்தை எடுத்துவிடுங்கள்.