கறை என்று துடைத்தது மேகத்தை

ஒசாக்காவில் ஒரு வீட்டில், தாள் ஒட்டிய தட்டிகளாகத் தரையில் நிற்கும் மடிப்புத் திரை ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு மடிப்பு, மை ஓவியம், டிராகன். வலதுகோடி மடிப்பில் பூஞ்சை பிடித்திருக்கிறதே என்று வீட்டுக்கார அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டாராம். போய்ப் பார்த்தேன். அவர் துடைத்தது மேகத்தை.

தாள் ஓவியங்களைச் செப்பனிடும் எனக்கு இது புதிதில்லை. ஜப்பானிய மை ஓவியர்கள் டிராகனை முழுசாகக் காட்டுவது அபூர்வம். இங்கே ஒரு கொம்பு, அங்கே மீசை, எங்கோ மூன்று நகம். மீதி உடம்பு மேகத்துக்குள். மழையைக் கொண்டுவரும் விலங்கல்லவா, மேகம் இல்லாமல் அதற்கு இருப்பிடமே இல்லை.

அந்த மேகம் பளிச்சென்று இருக்காது. 17ஆம் நூற்றாண்டின் தவராயா சோதாட்சு வரைந்த டிராகன் திரை ஜோடி வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஈரம் காயாத மையின்மேல் இன்னும் மை சொட்டி, தானாகப் பரவ விடும் உத்தி அவருடையது, தராஷிகோமி என்பார்கள். பழக்கமில்லாத கண்ணுக்கு ஓதம் ஏறிய சுவர் மாதிரிதான் தெரியும்.

மை என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும். கரி வெயிலில் வெளுக்காது. பசை அப்படியில்லை, வயதானால் தளரும். அப்போது ஈரம் பட்டால் கரி நகர்ந்துவிடும். தாளில் ஊறிய பழுப்பும் தண்ணீரோடு ஓடி, அது காயும் இடத்தில் கோடாக நிற்கும். அந்த வீட்டில் மீசைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம்.

சந்தேகம் வந்தால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பூஞ்சை பெரும்பாலும் தாளின்மேல் பொடியாகவோ பஞ்சாகவோ எழும்பித் தெரியும். மை தாளுக்குள் இறங்கியிருக்கும். எதுவானாலும் துணியை மட்டும் எடுக்காதீர்கள்.

அப்புறம், திரையை ஃபிரேம் போட்ட படம் மாதிரி சுவரில் தட்டையாக மாட்டுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மடிப்புகள் உள்ளும் வெளியுமாக நிற்கும்போதுதான், வலமிருந்து இடமாக நடந்து பார்க்கிறவருக்கு டிராகன் மறைந்து மறைந்து வரும்.

வளையத்தைக் கொஞ்சம் மங்கவைக்க முடிந்தது. போன மேகத்தை நான் வரைந்து நிரப்பவில்லை, அது என் வேலையும் இல்லை. அந்த அம்மா இப்போது வலதுகோடி மடிப்பைப் பாதி மூடியே வைத்திருக்கிறார். முன்னால் உட்கார்ந்தால் கொம்பு தெரிகிறது, வளையம் தெரிவதில்லை.