எலும்புக்கு ஊசி போடும் முன் சிறுநீரகத்தைப் பாருங்கள்

தேனி மாவட்டம் கம்பத்தில் விடிவதற்கு முன்பே ஜீப் ஹாரன் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி, கேரளத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இருபது, முப்பது வருடமாக அப்படிப் போய்வருகிறவர்கள் பலர் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "குறுக்கு புடிச்சிருச்சு டாக்டரம்மா."

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 68, எடை 38 கிலோ. பின் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறது. முதுகில் 'படக்'கென்று ஏதோ ஆனது. அன்றும் சாயங்காலம் வரை காய் எடுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு போல ஆகியிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று எப்போதோ நசுங்கிக் கூடிப்போயிருந்தது. அது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. கூட வந்த மகள்தான் சொன்னார், "அம்மா இப்பல்லாம் சேலையை மேல ஏத்திச் செருகினாத்தான் காலைத் தட்டாம இருக்கு."

சேலை நீளவில்லை, ஆள் குறைந்திருக்கிறார். இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சுவரில் முதுகும் குதிகாலும் படும்படி நிற்கும்போது பின்தலை சுவரைத் தொடவில்லை என்றாலும் அப்படித்தான்.

நம் ஊரில் மூட்டு வலி, கழுத்து வலி எல்லாவற்றுக்கும் 'எலும்பு தேஞ்சுபோச்சு' என்றே சொல்கிறோம். மூட்டுத் தேய்மானம் வேறு. இது ஆஸ்டியோபோரோசிஸ்: எலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை போன்ற பின்னல் மெலிந்து, சின்ன அதிர்ச்சிக்கே நொறுங்கும் நிலை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், டி ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் இந்தப் பெயர் வைக்கிறோம். ஆனால் ஜீப் குலுக்கலில் முள்ளெலும்பு நசுங்கிய மூதாட்டிக்கு ஸ்கேன் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டால், அந்த முறிவே போதும்.

அவருடைய பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று மலைமேல் மலையாளத்தில் பேசும் டாக்டர் எழுதியது, மற்றது இந்தப் பக்கம் வாங்கியது. இரண்டிலும் வலி மாத்திரை. இது போதாதென்று, கடையில் கேட்டு வாங்கிய செட் மாத்திரைப் பொட்டலங்கள். எல்லைப்புறத்து ஊர்களில் இந்தச் சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பக்கத்துச் சீட்டை இந்தப் பக்கத்து டாக்டரிடம் காட்டுவதில்லை. காட்டினால் கோபித்துக்கொள்வார் என்ற பயம். தயவுசெய்து எல்லாச் சீட்டையும் கொண்டுவாருங்கள். நாங்கள் கோபப்பட்டால் அது எங்கள் தப்பு.

செட் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பேர் தெரியாத மூன்று நான்கு மாத்திரைகளை மடித்துத் தருவார்கள். அதில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை ஒன்று அநேகமாக இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. ஸ்டீராய்டைத் தொடர்ந்து சாப்பிட்டால் மூன்று மாதத்துக்குள்ளேயே எலும்பு கரையத் தொடங்கிவிடும். ஒரே பொட்டலம் சிறுநீரகத்தையும் எலும்பையும் சேர்த்துக் கெடுக்கிறது. அது கொடுக்கும் சுகத்தில் மறுநாளும் ஜீப் ஏறுகிறார்கள். நாளெல்லாம் தோட்டத்தில் சரியாகத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஒதுங்க மறைவான இடம் இல்லை என்பதுதான் காரணம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வலி மாத்திரை செய்யும் கெடுதல் இன்னும் அதிகம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த அம்மாவுக்கு எலும்பு கரையாமல் இருக்க வருடம் ஒருமுறை போடும் சோலிட்ரோனிக் ஆசிட் ஊசி போடலாம் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள். நல்ல மருந்துதான். கிரியாட்டினின் 1.1 என்று லேப் சீட்டில் இருந்தது. பக்கத்திலேயே 'நார்மல்'. ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. 38 கிலோ உடம்பில் தசை எங்கே இருக்கிறது? சிறுநீரகம் பாதி செயலிழந்தாலும் இப்படி மெலிந்தவர்களுக்கு அந்த எண் ஏறாமல் ஏமாற்றும். சிறுநீரகம் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க, 1976-இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கு உதவும். 140-லிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்குங்கள். கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, வரும் எண்ணால் அதை வகுங்கள். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்குங்கள். இவருக்கு வந்த விடை 29. 35-க்குக் கீழே இருந்தால் அந்த ஊசி போடக் கூடாது. போட்டிருந்தால் இருக்கிற சிறுநீரகமும் போயிருக்கலாம்.

அதனால்தான் எலும்புக்கு மருந்து தொடங்கும் முன் கிரியாட்டினினை எடையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி. சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அல்புமின் பரிசோதனை வருடா வருடம் கட்டாயம்.

எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் இவ்வளவு நெருக்கம் ஏன்? வெயிலிலிருந்து கிடைக்கும் வைட்டமின் டி கடைசியாக வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவது சிறுநீரகத்தில்தான். அது தளர்ந்தால் குடலில் கால்சியம் சரியாக ஏறாது, பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து அதை உருவிக் கொடுக்கும். விதைநெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிடுவது மாதிரிதான் இது. அப்படிப்பட்டவருக்குச் சிகிச்சை முறையே வேறு. எலும்புக்குப் போடும் இன்னொரு ஊசியான டெனோசுமாபுக்குச் சிறுநீரகக் கணக்கு தடையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு அது கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தினால் முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கவும் கூடும்.

சாப்பாட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள்ளு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, மோர், முட்டை எல்லாம் நல்லவை. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். பழுது முற்றியவர்களுக்குக் கீரையிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியமே வினையாகலாம். அவர்கள் அளவைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஏலத்தோட்டம் முழுக்க மர நிழல். இருட்டில் கிளம்பி, உடம்பு முழுக்க மூடி வேலை செய்து, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவர்களுக்கு வெயில் ஏது? வைட்டமின் டி குறைந்திருப்பதில் வியப்பில்லை. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி அதுவும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

ஜீப்பில் பின்சக்கரத்துக்கு மேலே உட்காராமல் முன்பக்கம் இடம் கேளுங்கள். குனிந்து மூட்டை தூக்காதீர்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். குளியலறை வழுக்காமலும், ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு விளக்கு எரியும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலையில் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்குச் செட் மாத்திரையை நிறுத்தினோம். வலிக்குப் பாராசிட்டமால், முதுகுக்குப் பெல்ட், தண்ணீர், முட்டை. ஆறு வாரத்தில் கிரியாட்டினின் 0.9-க்கு இறங்கியது. கணக்குப் போட்டால் 36. 35 என்ற கோட்டைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். ஊசி வேண்டாம் என்று முடிவு செய்து, வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரையைத் தொடங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறோம். இப்போது தோட்டத்துக்குப் போவதில்லை, கீழேயே நாற்காலியில் உட்கார்ந்து காய் பிரிக்கிறார்.

போன மாதம் வந்தபோது மகளை முன்னால் தள்ளிவிட்டார். "இவளுக்கு நாப்பத்தாறு. நாலு வருசம் முந்தி கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இவளும் அதே ஜீப்புலதான் போறா, பாத்துச் சொல்லுங்க." எலும்பைக் காக்கும் ஹார்மோன் சுரக்கும் சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டேன், தெரியவில்லை. ஆபரேஷன் சீட்டைத் தேடிக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். மகளைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் அளந்து, அம்மாவின் உயரத்துக்குச் சுவரில் போட்டிருந்த கோட்டுக்குப் பக்கத்தில் தேதியோடு இன்னொரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.