மீன் தொட்டித் தண்ணீர் ஏன் பழுப்பாகிறது?

தொட்டியில் புதிதாக ஒரு டிரிஃப்ட்வுட் கட்டையை (அழகுக்காக வைக்கும் காய்ந்த மரத்துண்டு) வைத்தால் சில நாட்களிலேயே தண்ணீர் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகிவிடும். மீன் செத்துவிடுமோ என்று பயந்து பலர் கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது அழுக்கு அல்ல. அந்த நிறத்தில் உள்ள நீரில்தான் நாம் ஆசையாய் வளர்க்கும் சில மீன்களின் பூர்வீகமே இருக்கிறது.

மரத்தில் டானின் என்ற வகைப் பொருட்கள் உண்டு. பூச்சியும் பூஞ்சையும் தின்றுவிடாதபடி மரம் தனக்காகச் செய்துகொள்ளும் காப்பு அது. புரதத்தோடு இறுகப் பிணைவது அதன் குணம். கடுக்காயைக் கடித்தால் வாய் துவர்க்கிறதே, எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பற்றிக்கொள்வதால்தான். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவதும் இதே வேதியியல். கட்டை ஊறும்போது டானின்களும், மரம் மக்கியதில் உண்டான ஹியூமிக் அமிலங்களும், டீத்தூளிலிருந்து சாயம் இறங்குவது போலத் தண்ணீரில் இறங்குகின்றன. இவை நீல ஒளியை அதிகம் விழுங்கிவிடுவதால் மிச்சமுள்ள மஞ்சளும் சிவப்பும்தான் நம் கண்ணுக்கு வந்து சேர்கின்றன.

நிறம் ஏறினாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். வெண்மையாகக் கலங்கியிருந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் பாக்டீரியா பெருகியிருக்கும்.

தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறு முழுக்க இப்படித்தான் கறுத்து ஓடுகிறது. பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே வெளிர் பழுப்பான சோலிமோயிஸ் ஆற்றைச் சந்தித்தும், இரண்டும் சுமார் 6 கிலோமீட்டருக்குக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நீக்ரோவின் வடிநிலத்தில் பெரும்பகுதி வெண்மணல். சருகு மக்கி வரும் அமிலங்களைப் பிடித்துவைக்க அங்கே களிமண் இல்லை, அமிலத்தைச் சமன்செய்யக் கார்பனேட்டும் இல்லை. அதனால் அந்த நீரின் பிஹெச் (அமிலத்தன்மையைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4, 5 என்ற அளவில் கிடக்கிறது. கார்டினல் டெட்ரா என்ற மீன் அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு நேர்மாறான காரணத்தால்தான் பிஹெச் குறையட்டும் என்று கட்டை வைக்கும் சென்னைக்காரர்கள் பலருக்கு ஏமாற்றம். உப்பும் கடினமுமான போர்வெல் தண்ணீரில் கார்பனேட் நிறைய இருக்கும். கட்டையிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச அமிலத்தை அது செரித்துவிடும். நிறம் மாறும், பிஹெச் அசையாது. மென்மையான ஆர்ஓ தண்ணீரில் மட்டும் கவனம் வேண்டும், அங்கே அமிலத்தைத் தடுக்க எதுவும் இல்லை.

நிறம் பிடிக்கவில்லையா? சரி, குறைக்க வழி இருக்கிறது. சூட்டில் மூலக்கூறுகள் வேகமாகக் கசியும், ஆகவே தொட்டியில் வைக்கும் முன் கட்டையைக் கொதிக்கவைத்து, சாயத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் கொதிக்க விடலாம். பானைக்குள் அடங்காத கட்டையை வாளியில் வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டியதுதான். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்கு உதவாது, கரைந்த பொருள் அதன் வழியே போய்விடும். ஆக்டிவேட்டட் கார்பன் என்ற நுண்துளைக் கரி அதைப் பிடிக்கும். ஒரே கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும். துளைகள் நிரம்பியதும் கார்பனை மாற்றிவிட வேண்டும்.

புதுக் கட்டைமேல் வெள்ளையாக வழவழப்பு படர்ந்தால் பதற வேண்டாம். பூஞ்சையும் பாக்டீரியாவும் கட்டையிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்கின்றன, தொட்டியில் இறால் இருந்தால் அந்தப் படலத்தை அது மேய்ந்துவிடும். அழுகல் வாடை அடிக்கிற, விரல் வைத்தால் உள்ளே அமுங்குகிற கட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள்.