சிபியு-இசட் சொல்வதும் ராம் செய்வதும்

'ஆன்லைனில் 16 ஜிபி ராம் வாங்கினேன். சிபியு-இசட் மென்பொருள் கம்பெனிப் பெயரைச் சரியாகத்தான் காட்டுகிறது. அப்படியானால் அசல்தானே?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, கணினியின் தற்காலிக நினைவகமான ராமின் விலை எகிறியது. விலை ஏறிய சரக்கில் போலி புகுவது எந்தச் சந்தையிலும் நடப்பதுதான். அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் கணினிப் பாகங்களின் விவரத்தைக் காட்டும் சிபியு-இசட் இதற்குப் பதில் சொல்லாது.

ராம் பலகையின் பெரிய கறுப்புச் சில்லுகளுக்கு நடுவே பொடியாக ஒரு சில்லு இருக்கும். எஸ்.பி.டி. என்பது அதன் பெயர். டி.டி.ஆர்.4 என்ற தலைமுறை ராமில் அதன் கொள்ளளவு வெறும் 512 பைட். தயாரித்தவர், மாடல் எண், வேகம், தயாரித்த ஆண்டு, வாரம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். சிபியு-இசட் அதைத்தான் படித்துக் காட்டுகிறது. அந்தச் சில்லை அழித்து வேறு பெயரை எழுதச் சிறு கருவியும் மென்பொருளும் போதும். ஆகவே பெயர் சரியாக வந்தால் எதுவும் உறுதியாகவில்லை. ஸ்டிக்கரில் ஒரு கம்பெனியும் எஸ்.பி.டி.யில் இன்னொன்றும் இருந்தால் மட்டும் உடனே சந்தேகப்படலாம்.

இன்னொரு பக்கம், 3200 என்று வாங்கிய ராம் 1600 மெகாஹெர்ட்ஸ் எனக் காட்டுகிறதே என்று பதறுகிறவர்கள் உண்டு. அது போலி அல்ல. டி.டி.ஆர். ராம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் இரண்டு முறை தரவு அனுப்பும். மென்பொருள் துடிப்பை மட்டும் எண்ணுகிறது. எடை, பளபளப்பு, தங்க முலாமின் நிறம் ஆகியவற்றை வைத்து அசல் கண்டுபிடிக்கும் வீடியோக்களை நான் ஜாதகப் பொருத்தத்தோடுதான் சேர்ப்பேன். சில்லின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு லேசரில் புதிய எண் பொறிப்பவர்களுக்கு அந்தப் பளபளப்பு பெரிய வேலையே இல்லை.

உண்மை தெரிவது சில்லின் செல்லுக்குள், அதாவது ஒரே ஒரு பிட்டை (0 அல்லது 1) வைத்திருக்கும் நுண்ணறைக்குள். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் நடப்பது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவே ஒரு பிட். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 16 ஜிபி ராமில் இப்படி 13,700 கோடிக்கு மேற்பட்ட செல்கள். மின்தேக்கியின் கொள்ளளவு 10 ஃபெம்டோஃபாரட், மின்னழுத்தம் 1 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பிட்டைத் தாங்கி நிற்பவை சுமார் 60,000 எலெக்ட்ரான்கள். அவையும் ஓயாமல் கசிகின்றன!

கசிந்து தீரும் முன் படித்து, மறுபடி நிரப்ப வேண்டும். டி.டி.ஆர்.4 ராமில் 64 மில்லி விநாடிக்குள் எல்லாச் செல் வரிசைகளும் ஒரு முறை நிரப்பப்படுகின்றன. அதற்குள் 8192 நிரப்பல் கட்டளைகள், அதாவது 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. எனக்கு இதில் பிடித்த சங்கதி வேறு. அறை வெப்பநிலையில் பெரும்பாலான செல்கள் பல விநாடிகள் தாங்கும். 64 மில்லி விநாடி என்ற அவசரம் அவற்றுக்காக அல்ல. கோடிகளில் எங்கோ இருக்கும் சில நோஞ்சான் செல்களுக்காக. ராமின் தரம் சராசரிச் செல்லில் இல்லை, மிகப் பலவீனமான செல்லில் இருக்கிறது. சூடு ஏற ஏறக் கசிவு கூடும்; 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டு மடங்கு வேகத்தில் நிரப்ப வேண்டும் என்பது விதி.

தொழிற்சாலைச் சோதனை இந்த நோஞ்சான்களைத் தேடும் வேட்டைதான். ஒவ்வொரு சில்லிலும் உபரி வரிசைகள் உண்டு. கெட்ட வரிசைக்குப் பதில் அவை இணைக்கப்படும். அப்படியும் தேறாத சில்லுகள் கீழ்த்தரமாகப் பிரிக்கப்பட்டு மலிவாக விற்கப்படும். அவை நல்ல பெயரில் நம் கைக்கு வருவதுதான் ஏமாற்று.

குஜராத்தின் சாணந்தில் அமெரிக்க நினைவகச் சில்லு நிறுவனமான மைக்ரான் அமைத்த ஆலையை 'வெறும் பேக்கிங், டெஸ்டிங்தானே' என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள். சோதனையில்தான் நினைவகத்தின் தரமே தீர்மானமாகிறது என்பதால் அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. என் குறை வேறு: திட்டச் செலவில் பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் ஏற்கும்போது, செல் கசிவையும் சில்லுச் சோதனையையும் ஆராயும் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களுக்கும் ஒரு பங்கு போக வேண்டும்.

நோஞ்சான் செல் வேட்டையில் ஒரு பகுதியை வீட்டிலேயே செய்யலாம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். அதன் ஒரு சோதனை, ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தின் முகவரியையே எழுதித் திரும்பப் படிக்கிறது. இரண்டு முகவரிகள் ஒரே செல்லுக்குப் போனால் பின்னது முன்னதை அழித்திருக்கும், உடனே பிடிபடும். இன்னொன்று, ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்து அண்டை வரிசை கலைகிறதா என்று பார்க்கிறது. 2014-ல் கார்னகி மெலன் ஆய்வாளர்கள் சோதித்த 129 ராம் பலகைகளில் 110 இப்படிக் கலைந்தன. அதனால் இந்த ஒரு சோதனையில் மட்டும் தோற்றதைப் போலிக்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

மற்றவற்றில் ஒரே ஒரு பிழை வந்தாலும் விடாதீர்கள். ராமை வேறு ஸ்லாட்டில் மாற்றிச் செருகி மறுபடி ஓட்டுங்கள். பிழை ராமோடு கூடவே வந்தால் குற்றவாளி ராம். பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் பெரும்பாலும் மதர்போர்டு. பழைய பலகையிலிருந்து பெயர்த்த சில்லும் இந்தச் சோதனையில் தேறிவிடக்கூடும். எனவே ராமின் வரிசை எண்ணை (சீரியல் நம்பர்) தயாரிப்பாளரின் உத்தரவாதப் பக்கத்தில் தனியாகச் சரிபாருங்கள். சோதனை, எண் சரிபார்ப்பு இரண்டையும், ராமைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.