பந்து ஏன் முட்டையானது?

எங்கள் கிரிக்கெட் அணிக்கு ரீசேர்ட் அடிக்க, வெள்ளவத்தையில் ஒரு கடையில் சின்னத்தைக் கொடுத்திருந்தோம். நடுவில் ஒரு சிவப்புப் பந்து. தைத்து வந்ததோ நிமிர்த்தி வைத்த முட்டை. சண்டைக்குப் போனால், கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அங்கே அச்சொட்டான வட்டம். பிழையே அதுதான்.

எம்ப்ரொய்டரி மெஷினுக்குப் படம் தெரியாது. ஊசி இருந்த இடத்திலேயே மேலும் கீழும் குத்தும். துணியை இறுக்கிப் பிடித்த சட்டம்தான் நகரும். அடுத்த குத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது மட்டும் அதற்குப் போதும். நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை இப்படி ஆயிரக்கணக்கான நகர்வுகளாக்குவதுதான் டிஜிட்டைசிங்.

இந்த நகர்வுகளை மெஷினுக்குக் கொண்டுபோகும் கோப்பு வகைகளில் ஒன்று, ஜப்பானின் தஜிமா நிறுவனத்திலிருந்து வந்த டிஎஸ்டி. அதில் ஒரு தையலுக்கு 3 பைட். அலகு 0.1 மில்லிமீற்றர். 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்களைக் கூட்டியும் கழித்துமே எந்தத் தூரமும் எழுதப்படுகிறது. புறக்கோட்டையின் பழைய தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்து படிக்கற்கள் இருந்தால் 1 முதல் 121 வரை எதையும் நிறுக்கலாம். 5 வேண்டுமா? ஒரு தட்டில் 9. சாமான் இருக்கும் தட்டில் 3உம் 1உம். ஐந்தையும் கூட்டினால் 121. அதனால்தான் ஒரு தாவலில் பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 12.1 மில்லிமீற்றரைத் தாண்ட முடியாது. நிறமும் அதில் பதிவாவதில்லை, நூல் மாற்றும் நிறுத்தம் மட்டும்தான். சிவப்பா பச்சையா என்பது மெஷினடியில் நிற்பவர் பாடு.

சரி, முட்டைக்கு வருவோம். மெல்லிய கோடுகளுக்கு ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போய்வந்து ஓடும் சாட்டின் தையல், நன்றாக மினுங்கும். ஏழெட்டு மில்லிமீற்றருக்கு மேல் அகலம் போனால் நூல் தளர்ந்து வளையலில் மாட்டும். பந்து போன்ற பெரிய பரப்பை, சுமார் 0.4 மில்லிமீற்றர் இடைவெளியில் வரிவரியாகச் சிறு தையல்களால் நிரப்ப வேண்டும். மேல்நூல் அடியிலுள்ள பொபின் நூலோடு பூட்டி இறுகும்போது, ஒவ்வொரு தையலும் தன் இரு முனைகளையும் உள்ளே இழுக்கிறது. குறுக்கே நெருங்கி அடுக்கப்பட்ட வரிகளோ துணியை வெளியே தள்ளுகின்றன. எங்கள் பந்தில் தையல் இடமிருந்து வலமாக ஓடியிருக்கிறது. பக்கங்கள் ஒடுங்கின, மேலும் கீழும் பிதுங்கின. ரீசேர்ட் இழுபடும் பின்னல் துணி, கேட்கவா வேண்டும்!

கைதேர்ந்தவர் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து, பந்தை அகலம் கூட்டி உயரம் குறைத்து வரைவார். அதற்கு முன் அடித்தையல் ஒன்றை ஐதாக ஓடவிட்டு, துணியை அதன் அடியில் வைக்கும் பின்தாளோடு பிடித்துவைப்பார். ஒரே சொடுக்கில் எல்லாம் செய்யும் மென்பொருள்களும் உண்டு. தையலின் திசையை அவற்றிடம் விட எனக்கு மனமில்லை.

இரண்டாம் முறை திரையில் பந்து சப்பையாகத்தான் இருந்தது. ரீசேர்ட்டில் உருண்டையாக வந்தது. ஆனால் கீழே 5 மில்லிமீற்றர் உயரத்தில் எழுதியிருந்த 'அணி'யில், ணகரத்தின் சுழிகளெல்லாம் நூலால் அடைந்துபோய்விட்டன. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறோம்.