நியூயார்க் ஓட்டுச்சீட்டில் நீங்கள் கண்டுகொள்ளாத காம்ப்ட்ரோலர்

மேயர் தேர்தல் வந்தால் ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருக்கிறோம். அதே ஓட்டுச்சீட்டில் காம்ப்ட்ரோலர் (நகரத்தின் கணக்கு, தணிக்கை அதிகாரி) என்று இன்னொரு பதவியும் இருக்கும். கட்சியைப் பார்த்து வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, இல்லையென்றால் காலியாகவே விட்டுவிட்டு வந்துவிடுவோம். குயின்ஸில் சின்ன கான்ட்ராக்டர்களுக்கும் சேவை அமைப்புகளுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். மேயரைத் திட்டிக்கொண்டே என்னிடம் வருகிறவர்களின் காகிதம் கடைசியில் போய் நிற்பது பல நேரம் இந்த அலுவலகத்தில்தான்.

நகரத்தின் ஆண்டு பட்ஜெட் இப்போது 11,500 கோடி டாலருக்கு மேல். செலவழிப்பது மேயரின் துறைகள். அதைத் தணிக்கை செய்கிற காம்ப்ட்ரோலரை மேயர் நியமிக்க முடியாது, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் 4 ஆண்டு. ஆசிரியர், போலீஸ், தீயணைப்பு உட்பட 5 ஓய்வூதிய நிதிகளின் முதலீட்டு ஆலோசகரும் இவரே. அந்தப் பணம் மட்டும் 25,000 கோடி டாலரைத் தாண்டும். முடிவெடுப்பது அந்தந்த நிதியின் அறங்காவலர் குழுதான், இவர் இஷ்டத்துக்கு எடுத்துப் போட முடியாது.

சரி, நமக்கு இதில் என்ன? நிறுத்தியிருந்த உங்கள் காரை நகர வண்டி ஒன்று இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்ட துறைக்கு மெயில் மேல் மெயில் போட்டுக் காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அது போதாது. இழப்பீட்டுக் கோரிக்கை முறைப்படி காம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்கு 90 நாளுக்குள் போயாக வேண்டும், ஆன்லைனிலேயே போடலாம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி நடந்தது என்று எழுத வேண்டும். "மெயின் ஸ்ட்ரீட் பக்கம்" என்று எழுதினால் வேலைக்காகாது. எந்தக் குறுக்குத் தெரு, எந்த முனை, கடை எண் என்ன என்பது வரை வேண்டும், போட்டோ அன்றே எடுத்ததாக இருக்க வேண்டும். ஒத்துவந்தால் கோர்ட்டுக்குப் போகாமலே அவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் வழக்குப் போட சம்பவ நாளிலிருந்து ஓராண்டும் 90 நாளும்தான். சாலைப் பள்ளம் என்றால் இன்னொரு சிக்கல்: அந்தப் பள்ளம் பற்றி நகரத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் போயிருந்து, சரிசெய்ய 15 நாள் அவகாசமும் கடந்திருக்க வேண்டும். நடைபாதையில் விழுந்தால் 2003 முதல் பெரும்பாலும் பக்கத்துக் கட்டட உரிமையாளர்தான் பொறுப்பு (தானே குடியிருக்கும் 3 குடும்ப வீடு வரை விலக்கு உண்டு). கடைக் கட்டடம் வாங்கியிருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஒப்பந்தக்காரர்கள் விஷயம் வேறு. நகரத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் காம்ப்ட்ரோலர் பதிவு செய்தால்தான் பணம் வரும். அவருக்கு 30 நாள் அவகாசம், ஆனால் துறை தன் காகிதங்களை முழுதாக அனுப்பிய பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கும். அதற்கு முன்பே மாதக்கணக்கில் போய்விடுகிறது. வேலையை ஆரம்பித்துவிட்டு, கடன் வாங்கி ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் அமைப்புகளை நிறையப் பார்க்கிறேன். பதிவு எண் வராமல் ஆள் எடுக்காதீர்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இவருக்கு எல்லா அதிகாரமும் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். ஊழல் சந்தேகம் இருந்தால் பதிவுக்கு ஆட்சேபம் சொல்லலாம், அதையும் மேயர் மீற முடியும். 2023-இல் புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கான சேவைக்காக டாக்கோ (DocGo) என்ற மருத்துவச் சேவை நிறுவனத்துக்குக் கொடுக்கவிருந்த 43.2 கோடி டாலர் ஒப்பந்தத்தை அப்போதைய காம்ப்ட்ரோலர் பிராட் லேண்டர் கேள்விகளோடு திருப்பி அனுப்பினார். எப்படியும் நடக்கும் என்று மேயர் ஆடம்ஸ் சொல்லிவிட்டார்.

இந்தப் பதவிக்கு சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) படித்திருக்க வேண்டியதில்லை. முன்பு இதில் இருந்தவர்களில் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் வழக்கறிஞர், ஆலன் ஹெவேசி அரசியல் பேராசிரியர், ஜான் லூ ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு நிபுணர்). கணக்காளர்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஏபிரகாம் பீம் கதையைச் சொல்வேன். கணக்கியலைப் பாடமாகவே நடத்தியவர், இருமுறை காம்ப்ட்ரோலர், 1974-இல் மேயர். அன்றாடச் செலவுகளை மூலதனக் கணக்கில் (கட்டடம், பாலம் போன்ற நீண்டகாலச் செலவுக்கானது) எழுதி, குறுகிய காலக் கடனில் நகரம் ஓடிக்கொண்டிருந்தது அவர் கணக்குப் பார்த்த காலத்திலும்தான். 1975-இல் வங்கிகள் கையை விரித்தன. அக்டோபர் 17 அன்று ஆசிரியர் ஓய்வூதிய நிதி கடன்பத்திரங்களை வாங்கச் சம்மதித்ததால்தான் நகரம் திவாலாகாமல் மயிரிழையில் தப்பியது. ஆக பட்டத்தைவிட, தன் கட்சிக்காரர் மேயராக இருக்கும்போதும் கசப்பான தணிக்கை அறிக்கையை வெளியிடுவாரா என்பதுதான் எனக்கு முக்கியம்.

2026 ஜனவரியிலிருந்து மார்க் லெவின் இருக்கிறார். பிராங்க்ஸில் கணிதம், அறிவியல் நடத்தியவர், வாஷிங்டன் ஹைட்ஸில் கடன் சங்கம் தொடங்கியவர். அவரும் மேயர் மம்தானியும் ஒரே கட்சி. நகரம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பது 'செக்புக் என்ஒய்சி' தளத்தில் இருக்கிறது. துணை ஒப்பந்தம் எடுக்கும் முன், உங்களுக்கு வேலை தருகிற நிறுவனத்தின் பெயரை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.